துருவையும் நீங்களே பூசித் தருவீர்களா?

1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு முதற் கோச்சி ஓடியது. அந்தக் கணக்கில் வடக்குப் பாதைக்கு 2025இல் 120 வயது. அதுக்கு ஒரு நினைவுப்பொருள் செய்தால் நல்லது எண்டு வெளிநாட்டில இருக்கிற ஒரு பழைய மாணவர் வட்டத்துக்கு யோசனை வந்திருக்கு. கண்ணாடிப் பேழைக்குள் வைக்கிற அளவில் ஒரு மாதிரிச் சரக்குப் பெட்டி, அதுவும் 'பழைய காலத்து ஸ்டைலில்'. வரைபடத்தை எங்களுக்கு அனுப்பி, "நீங்கள் கலைப்பீடப் பிள்ளையள், பெட்டியின்ர பக்கத்தில போட ரெண்டு வரி தமிழில வடிவா எழுதித் தாங்கோ" எண்டு கேட்டவை.

எழுதிக் கொடுத்திருந்தால் பத்து நிமிச வேலை. நாங்கள் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அவர்களுக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினோம். "பிள்ளையள் உணர்ச்சிவசப்படுகினம்" என்று பதில் வந்தது. சரி, உணர்ச்சியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து அளவுகோலோடு தொடங்குவம்.

முதலில் அந்த வரைபடம். கபிலச் சிவப்பில் நீளமான ஒரு பெட்டி. அடியில் முன்னுக்கு நாலு சில்லு, பின்னுக்கு நாலு சில்லு. பக்கத்தில் பெரிய ஆங்கில எழுத்தில் இலங்கை அரசாங்கப் புகையிரதத்தின் பழைய மூன்றெழுத்துச் சுருக்கம். அதுக்குக் கீழே 1905. நடுவில் ஒரு யாழ், இரண்டு பனை, வளைவாக 'யாழ்தேவி' என்ற பெயர். மூலைகளில் துரு ஒழுகின மாதிரி நிறம். கரிப்புகை படிந்த மாதிரி மேலே ஒரு கறுப்பு. பார்க்க வடிவுதான், அதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் யாழ்தேவி ஓடத் தொடங்கினது 1956 ஏப்ரல் 23ஆம் திகதி. 1905க்கும் அதுக்கும் நடுவில் அரை நூற்றாண்டு. போதாததுக்கு யாழ்தேவி ஆட்கள் போகிற கோச்சி. நெல்மூட்டை ஏத்துகிற பெட்டியில் யாழ்தேவி என்று எழுதுவது, லொறியின் பக்கத்தில் 'சொகுசு பஸ்' என்று எழுதுகிற மாதிரி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாழ்தேவி வந்த அதே 1956இல்தான் தனிச்சிங்களச் சட்டமும் வந்தது. அந்த வருடத்தின் பெயரையும் 1905இன் இலக்கத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒரே பலகையில் ஒட்டினால் வருவது எந்தக் காலமும் இல்லை. 'பழசு' என்கிற ஒரு பொது மணம் மட்டும்தான்.

பெட்டியின் உடம்பும் எங்களுடையது இல்லை. எட்டுச் சில்லில் நிற்கிற அந்த நீளப் பெட்டி அமெரிக்காக்காரருடைய உருவம். எங்களுடைய பாதையில் ஓடின பழைய கூட்ஸ் பெட்டிகள், பிரித்தானிய வழக்கப்படி, இரண்டு அச்சில் நாலு சில்லோடு நின்ற கட்டைப் பெட்டிகள். பக்கத்தில் பெரிய சின்னமும் பெயரும் வரைகிற பாணியும் அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் ஒரு காலத்தில் குளிரூட்டின சரக்குப் பெட்டிகளின் பக்கத்தை இறைச்சிக் கொம்பனிக்கும் பியர்க் கொம்பனிக்கும் விளம்பரப் பலகையாக வாடகைக்குக் கொடுத்தார்கள். 1930களில் அங்குள்ள அரசாங்க ஆணைக்குழு தலையிட்டு அதை நிறுத்தியது. பொம்மைக் கோச்சி செய்கிறவர்கள் அந்த வண்ண விளம்பரங்களை விடவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்கப் 'பழைய ஸ்டைல்' சரக்குப் பெட்டி என்று விற்கப்படுவதில் பெரும்பங்கு அந்த விளம்பரத்தின் நிழல். எங்களுக்கு அனுப்பின வரைபடமும் அப்படி எங்கேயோ விற்கிற ஒரு பெட்டியின்மேல் பனை வரைந்த வரைபடம்தான்.

அளவையும் பாருங்கோ. இலங்கைப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். மாதிரிக் கோச்சிக் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கிற 1:87 அளவுக்கு அதைச் சுருக்கினால் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரும். கடையில் விற்கிற பாதையின் இடைவெளி 16.5 மில்லிமீற்றர். அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொருந்துகிற அளவு. மூன்று மில்லிமீற்றர்கூட இல்லாத வித்தியாசம், யாருக்குத் தெரியப் போகுது என்று கேட்கலாம். மாதிரி செய்கிற கலையே அந்த மூன்று மில்லிமீற்றருக்கு மரியாதை கொடுக்கிற கலைதான். ஓர் ஆணியின் தலை எங்கே இருந்தது என்று பழைய படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். துரு எங்கே முதலில் பிடிக்கும், மழைத்தண்ணி எந்தப் பக்கம் வழியும், உப்பு ஏத்தின பெட்டி எப்படிப் பழுதாகும், சீமெந்து ஏத்தின பெட்டியில் என்ன நிறம் படியும் என்று ஆராய்ந்து நிறம் பூசுகிறவர்கள் அவர்கள். அந்தக் கலையை நாங்கள் கேலி செய்யவில்லை. அந்தக் கலையின் நேர்மையைத்தான் கேட்கிறோம்.

சரி, துருவுக்கு வருவம்.

எங்களில் ஐந்து பேர் இதைச் சேர்ந்து எழுதுகிறோம். இரண்டு பேர் கிளிநொச்சி, ஒருத்தி மாங்குளம், ஒருத்தன் ஓமந்தை, ஒருத்தி புதுக்குடியிருப்பு. 2009இல் எங்களுக்கு ஆறு, ஏழு வயது. வடக்குப் பாதையில் யாழ்ப்பாணக் கோச்சி 1990 ஜூனில் நின்றது. அதுக்குப் பிறகு வவுனியாதான் கடைசி ஸ்ரேசன். நாங்கள் பிறந்தபோது வன்னியில் ஓடுகிற கோச்சி என்று ஒன்று இல்லை. ஆனால் தண்டவாளம் எங்களுக்குத் தெரியும். பங்கருக்கு மேலே குறுக்காகப் போடுகிற இரும்பு அது. அதுக்கு மேலே சிலிப்பர் கட்டை, அதுக்கு மேலே மண்மூட்டை. பத்து வயது வரைக்கும் எங்களைக் கேட்டிருந்தால் தண்டவாளம் செய்கிறது பங்கர் மூடத்தான் என்று சொல்லியிருப்போம். அதுக்கு மேலே ஒரு வண்டி ஓடும் என்றது எங்களுக்குப் பிறகு வந்த செய்தி.

பாதையைப் பிடுங்கினது யார் என்று இப்ப ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை சொல்லுவார்கள். போராளிகளும் பிடுங்கினார்கள், இராணுவமும் பிடுங்கியது, இரண்டுக்கும் நடுவில் நின்ற சனமும் தங்கட பிள்ளைகளைக் காப்பாற்றப் பிடுங்கினது. இன்றைக்கும் வன்னியில் உள்ளொழுங்கைகளில் போனால் சிலிப்பர் கட்டையைக் காணலாம். கிணத்தடியில் உடுப்புத் தோய்க்கிற இடத்தில் கிடக்கும். மாட்டுக்கொட்டிலுக்குத் தூணாக நிற்கும். எங்களில் ஒருத்தியின் வீட்டில் அது முற்றத்து வாங்கு. அம்மம்மா அதில் இருந்துதான் வெத்திலை போடுவா. கட்டையில் ஆணி இறங்கின ஓட்டை நாலு இருக்கு. அவவிட்ட கேட்டால், "இது உங்கட மாமாவ இழுத்துக்கொண்டு உள்ள போன பங்கர்ட கட்டை" என்பா. கோச்சிப் பாதையின் கட்டை என்று அவ ஒருநாளும் சொன்னதில்லை.

இதுதான் எங்கள் பாதையின் துரு. கடையில் சின்னப் போத்தலில் விற்கிற கபில நிறத்தைத் தூரிகையில் தொட்டுப் பூசிவிட்டு 'ஆகா, பழமை' என்று சொல்லும்போது, இந்த இருபத்துநாலு வருடமும் அந்த நிறத்துக்குக் கீழே போகிறது. 1905இலிருந்து ஒரு பெட்டி சும்மா வெயில்மழையில் நின்று அழகாகப் பழசான மாதிரி ஒரு பொய் வருகிறது. எங்கட பெட்டி பழசாகவில்லை. அது காணாமற் போனது.

அடுத்தது, ஏன் சரக்குப் பெட்டி? இந்த ஒரு விஷயத்தில் அந்த வட்டத்துக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். தெரிந்தோ தெரியாமலோ சரியான வண்டியைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். பிறகு அதுக்கு யாழ்தேவி என்று பெயர் எழுதிக் கெடுத்துப்போட்டார்கள்.

யாழ்தேவி பற்றின நினைவுகளை நாங்கள் நிறைய வாசித்திருக்கிறோம். கொழும்புக் கந்தோரில் வேலை செய்த அப்பா வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏறுவார், மூலை இருக்கை, சாப்பாட்டுப் பொதி, ஸ்ரேசனில் வந்து நிற்கிற பிள்ளைகள். நல்ல நினைவுகள்தான். ஆனால் அந்தக் கதைகளில் வன்னி எங்கே? யன்னலுக்கு வெளியே இருட்டாகப் போகிற காடு. முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, கையில் ஒரு சரை கச்சான். வன்னி என்றது இரண்டு ஊர்களுக்கு நடுவில் நித்திரை கொள்கிற நேரம். புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்கிற பெயர்கள் அவர்களுக்கு ஸ்ரேசன் பலகைகள் மட்டும்தான்.

சரக்குப் பெட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே பாதை வேறு பாதை. ஆனையிறவில் உப்பளம். அந்த உப்பு மூலப்பொருளாகப் போய், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் எரிசோடாவாகவும் குளோரீனாகவும் மாறினது. பாதையின் வடக்கு முடிவில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை. கொழும்பில் எழும்பின எத்தனையோ கட்டடத்துக்குச் சீமெந்து இந்தப் பாதையால் போனது. கிளிநொச்சியில் இரணைமடுத் தண்ணியில் விளைந்த நெல். இந்தச் சங்கிலியில் வன்னி யன்னலுக்கு வெளியே நிற்கவில்லை, உற்பத்தி செய்கிற இடமாக இருந்தது. மூட்டை சுமந்தவர்கள், உப்பு வாரினவர்கள், வயல் வெட்டினவர்கள், அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து இந்த மண்ணில் கூலிக்கு நின்றவர்கள். இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு யாழ்தேவியின் மூலை இருக்கை நினைவில்லை. இவர்களுடைய கை பட்டது கூட்ஸ் பெட்டியின் கதவில்தான். அந்தக் கதவின்மேல் இன்னொருத்தருடைய பயணத்தின் பெயரை எழுதாதேங்கோ என்றுதான் கேட்கிறோம்.

பெயர் எழுதுவது சின்ன விஷயம் இல்லை என்று 2025இல் எல்லாரும் பார்த்தோம். ஆனையிறவில் புதிய உப்புத் தொழிற்சாலையைத் திறந்து, அந்த உப்புக்கு 'ரஜ லுணு' என்று சிங்களப் பெயர் வைத்தபோது எவ்வளவு எதிர்ப்பு வந்தது! எங்கட மண்ணின் உப்புக்கு எங்கட மண்ணின் பெயர் வேணும் என்று கேட்டோம். சரிதானே. அப்படியெண்டால் அதே உப்பைச் சுமந்த பாதையின் பெட்டிக்கு மட்டும் ஏன் ஆங்கிலச் சுருக்கமும் வேறொரு வண்டியின் பெயரும் போதும் என்று விடுகிறோம்? கொழும்பிடம் கேட்கிற நியாயத்தை எங்கட ஆட்களிடமும் கேட்கத்தான் வேண்டும்.

இனி, 1990க்குப் பிறகு அந்தப் பெட்டி வராமல் இருந்தது என்றால் என்ன அர்த்தம்? வண்டி நின்றது மட்டும் இல்லை, சாமானும் நின்றது. தடை செய்யப்பட்ட பொருட்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. சீமெந்து, இரும்பு, பெற்றோல், டீசல், உரம், பற்றறி. ஒரு காலத்தில் காங்கேசன்துறையிலிருந்து தெற்குக்குச் சீமெந்து அனுப்பின பாதையின் ஓரத்தில், வீட்டுக்கு ஒரு மூட்டைச் சீமெந்து கொண்டுவருவது குற்றமாகினது. சனம் ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு விளக்குக் கொளுத்திப் படித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிச்சு, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டது. மோட்டார்சைக்கிள் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடினது. இதையெல்லாம் எங்களுக்கு அம்மா அப்பா சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொல்லுவினம். கேட்கிற எங்களுக்கும் சிரிப்பு வரும். பிறகுதான் யோசிப்போம், உரம் இல்லாத வயல் எப்படி விளைந்தது, இரும்பும் சீமெந்தும் இல்லாமல் பள்ளிக்கூடம் எப்படி நின்றது என்று. ஒரு கூட்ஸ் வண்டி சாதாரணமாகக் கொண்டுவந்து இறக்குகிற சாமான்கள்தான் இவை எல்லாம். வன்னியில் பொருளாதாரத் தடைக்கு ஒரு உருவம் கொடு என்றால் நாங்கள் வெறும் கூட்ஸ் பெட்டி ஒன்றைத்தான் காட்டுவோம்.

இந்த இடத்தில் எங்கட பக்கத்துக்கும் ஒரு கேள்வி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்களும் நிறம் பூசுகிற ஆட்கள்தான். 1985 ஜனவரியில் முறிகண்டிக்குப் பக்கத்தில் யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. தமிழ் ஆயுத இயக்கம் ஒன்று செய்த தாக்குதல். படையினரோடு பொதுமக்களும் செத்தார்கள். இந்தப் பாதையை நினைவுகூரப் போகிறோம் என்றால் அந்தப் பெட்டிகளில் இருந்தவர்களும் அதுக்குள் வர வேண்டும். "அது வேறை கதை" என்று சொல்லி விடுகிறவர்களிடம் கேட்கிறோம்: அதே பாதை, அதே இரும்பு, எப்படி வேறை கதை? எங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதி எங்களால் நடந்ததை விட்டுவிட்டால், கிளிநொச்சியில் வெற்றிச் சின்னம் கட்டினவர்களுடைய கணக்குப்புத்தகத்தைத்தான் நாங்களும் வாங்கி எழுதுகிறோம்.

அந்தக் கணக்குப்புத்தகமும் எங்களுக்குத் தெரியும். விழுந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த்தாங்கியைச் சுற்றுலாவில் வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனதையும், பக்கத்தில் நினைவுப்பொருட் கடை இருந்ததையும் எங்கள் வயசுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தவர்கள். 2013 செப்ரெம்பர் 14ஆம் திகதி கிளிநொச்சிக்குக் கோச்சி வந்தது. ஜனாதிபதி வந்தார், கொடி பறந்தது. வடமாகாண சபைத் தேர்தல் செப்ரெம்பர் 21ஆம் திகதி, ஒரு கிழமை தள்ளி. இந்தியக் கடனில் இந்திய நிறுவனமான இர்கொன் ஓமந்தையிலிருந்து பளை வரைக்கும் 90 கிலோமீற்றர் பாதை போட்டது. அடுத்த வருடம் ஒக்ரோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. நாங்கள் அப்ப பத்து வயதுப் பிள்ளைகள். கையசைத்தோம், சத்தம் போட்டோம். உண்மையாகவே சந்தோசம். அந்தச் சந்தோசம் எங்களுடையது, அதை எந்தக் கட்சிக்கும் கொடுக்க மாட்டோம். ஆனால் யார் யார் எந்த எந்த நேரத்தில் இந்தப் பாதையைத் தங்கட படத்துக்குச் சட்டமாக்குகிறார்கள் என்று பார்க்கப் பழகினதும் அந்த நாளில்தான்.

சரக்குப் பெட்டி ஒன்று நினைவுச்சின்னமாவது புதுமை இல்லை. 1949இல் பிரான்ஸ் சனம் அமெரிக்காவுக்கு நன்றி சொல்ல 49 பழைய சரக்குப் பெட்டிகளை அனுப்பினது. முதலாம் உலகப் போரில் 40 ஆட்களை அல்லது 8 குதிரைகளை ஏத்தின வகைப் பெட்டிகள். உள்ளுக்குள் வீட்டுச் சாமான்களும் பொம்மைகளும் கைவேலைகளும். போரில் ஆட்களை அடைத்த பெட்டி என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அதுதான் அந்தப் பரிசுக்குப் பாரம் கொடுத்தது.

கிட்டவாகப் பார்த்தால் மலபார். 1921 நவம்பரில் மாப்பிளைக் கிளர்ச்சிக் கைதிகளைத் திரூரில் மூடின சரக்குப் பெட்டிக்குள் அடைத்து அனுப்பினார்கள். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூரில் கதவைத் திறந்தபோது மூச்சுத் திணறிச் செத்துக் கிடந்தார்கள். கிட்டத்தட்ட எழுபது உயிர். 2018இல் திரூர் ஸ்ரேசன் சுவரில் அந்தக் காட்சியை வரைந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அழித்தார்கள். கதகளியும் படகும் வரைந்திருந்தால் அந்தச் சுவர் இன்றைக்கும் வண்ணமாக இருந்திருக்கும். பெட்டியை உண்மையாக வரைந்தால்தான் யாருக்காவது குத்தும். எங்களுக்கு வந்த வரைபடத்தைப் பார்த்து ஒருத்தருக்கும் எதுவும் குத்தாது, அதுதான் எங்கட முறைப்பாடு.

எங்களோடு வாதாடினவர்கள் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே நேர்மையாக வைக்கிறோம். "எல்லாத்துக்கும் சண்டையையே இழுக்காதேங்கோடா. வயசுபோனதுகள் கொஞ்சம் சந்தோசமாப் பாக்கட்டும். அது ஒரு விளையாட்டுச் சாமான்." ஓமந்தைக்காரனின் அப்பப்பாவும் இதையேதான் சொன்னார். அவர் இளந்தாரியாக இருக்கும்போது கூட்ஸ் வண்டி வருகிற சத்தத்தை வைத்தே எத்தனை பெட்டி என்று சொல்லுவாராம். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் நாங்கள் கைவைக்க மாட்டோம்.

ஆனால் அவரிடம் அந்த வரைபடத்தைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். "இது எங்கட இல்லையே, இதில எட்டுச் சில்லெல்லோ" என்றார். பெட்டி எண்ணத் தெரிந்த மனிசனுக்குச் சில்லும் எண்ணத் தெரியும். நினைவில் சந்தோசப்படுகிறவர்களைச் சாட்டாகச் சொல்லித்தான் இப்படிப் பொதுப்படையான பழமை விற்கப்படுகிறது. உண்மையில் அவர்கள்தான் முதலில் பிழையைக் கண்டுபிடிப்பார்கள். அவருடைய சந்தோசத்துக்கும் எங்களுடைய கோபத்துக்கும் வேண்டியது ஒரே சாமான்: சரியான பெட்டி.

குறை சொல்லிப்போட்டுப் போகக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் பழக்கம். ஆகவே எங்கட வடிவம் இது. கேட்டவர்களுக்கும் அனுப்பியிருக்கிறோம்.

நாலு சில்லுக் கட்டைப் பெட்டி. 1:87 அளவில், ஆனால் சில்லின் இடைவெளி எங்கட பாதையின் இடைவெளி. கடைப் பாதையில் அது ஓடாது. ஓடவேண்டியதும் இல்லை, இருபத்துநாலு வருடம் ஓடாத பெட்டி அது. நிறம் கபிலச் சிவப்புத்தான், ஆனால் செயற்கைத் துரு வேண்டாம். மரத்தில் செய்து கையில் கொடுங்கோ, தொட்டுத் தொட்டு அது தானாகப் பழசாகட்டும். பெயர் மூன்று மொழியிலும், ஸ்ரேசன் பலகையில் இருக்கிற மாதிரி. யாழ், பனை, யாழ்தேவி மூன்றும் வேண்டாம்.

உண்மையான சரக்குப் பெட்டி ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் வெற்று எடையும் ஏத்தக்கூடிய பாரமும் எழுதியிருக்கும். எங்கட பெட்டியிலும் அந்த இடம் வேண்டும். பாரம் என்ற சொல்லுக்கு எதிரே இலக்கம் எழுதாமல் 1990–2013 என்று எழுதச் சொல்கிறோம். கதவு திறந்து மூடக்கூடியதாக இருக்க வேண்டும். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. கதவின் உட்பக்கத்தில் மட்டும் சின்ன எழுத்தில் அந்தப் பட்டியல்: சீமெந்து, இரும்பு, பெற்றோல், டீசல், உரம், பற்றறி. வெளியே நின்று பார்க்கிற ஆளுக்கு அது வடிவான ஒரு பழைய பெட்டி. கதவைத் திறக்கிற பிள்ளை "இதென்ன?" என்று கேட்கும். வீட்டில் யாராவது பதில் சொல்ல வேண்டி வரும். ஒரு விளையாட்டுச் சாமானால் செய்யக்கூடிய பெரிய வேலை அதுதான்.

பெட்டி நிற்கிற அடிக்கட்டை பற்றி எங்களுக்குள்ளேயே சண்டை. பழைய சிலிப்பர் கட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி அடியில் வைப்பம் என்று மூன்று பேர் சொன்னோம். அம்மம்மாவின் வாங்கு இருக்கிற வீட்டுக்காரி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "அதை வெட்டினால் பிறகு ஆர் அதில இருந்து கதை சொல்லுறது?" என்று கேட்டாள். அவள் சொன்னது சரி. ஆகவே கட்டை வெட்டப்படாது. அடியில் சாதாரண வேம்பு, நாலு ஆணி ஓட்டையோடு.

செய்கிற இடம் வன்னியாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கடையில் உடம்பை வாங்கி, படத்தை ஒட்டி, இங்கே கொண்டுவந்து பிரமுகர்களின் கையில் கொடுத்துப் படம் எடுக்கிற வேலைக்கு எங்களிடம் தமிழ் கேட்க வேண்டாம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வேலையில்லாமல் இருக்கிற தச்சர்கள் எத்தனையோ பேர். ஒரு கை, ஒரு கால் போரில் இழந்துவிட்டு, மரத்தில் சின்னச் சின்ன உருவம் செதுக்கி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுங்கோ. செய்து முடிந்த பெட்டி மேடைக்குப் போகத் தேவையில்லை. பாதையோரம் வவுனியாவிலிருந்து பளை வரைக்கும் இருக்கிற பள்ளிக்கூடங்களுக்கு ஒவ்வொன்று போகட்டும். ஓமந்தையிலிருந்து பளை வரைக்கும் உள்ள அந்த 90 கிலோமீற்றரை 87ஆல் வகுத்துப் பாருங்கோ, ஒரு கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும். ஒரு பிள்ளை காலமை நடந்து பள்ளிக்கூடம் போகிற தூரம். கணக்கு வாத்தியாருக்கு ஒரு பாடம், வரலாற்று ரீச்சருக்கு ஒரு பாடம்.

நேற்று பதில் வந்தது. "கருத்து நல்லம், ஆனா ஓடர் குடுத்தாச்சு. அடுத்தமுறை பாப்பம்." எங்கட இரண்டு வரித் தமிழ் இல்லாமலே அந்தப் பெட்டி வரும். யாராவது எழுதிக் கொடுப்பார்கள், மேடையில் கொடுப்பார்கள், படம் வரும். அதை நாங்கள் தடுக்கப் போவதில்லை.

எங்கட பெட்டியை நாங்களே செய்யப் பார்க்கிறோம். அதுக்கு உங்களிடம் காசு கேட்கவில்லை. உங்கட வீட்டில், அயலில், கோயில் வீதியில் எங்கேயாவது பழைய சிலிப்பர் கட்டையோ தண்டவாளத் துண்டோ கிடந்தால் ஒரு நாடாவைக் கொண்டுபோய் அளவெடுங்கோ. நீளம், அகலம், தடிப்பு, ஆணி ஓட்டை எத்தனை, இப்ப அது என்ன வேலை செய்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்று வீட்டில் மூத்த ஆட்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ. கட்டையை எடுக்க வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். அம்மம்மாவின் வாங்கை நாங்கள் அளந்துவிட்டோம். முதலாவதாக அதைத்தான் எழுதியிருக்கிறோம்.